கஜானாவில் பணம் உண்டு, சம்பளம் இல்லை

ஒரு மகளிர் குழுவை எடுத்துக்கொள்வோம். குழுவில் இருபது பெண்கள். வங்கியில் குழுவின் பெயரில் கணக்கு இருக்கிறது. கணக்கில் பணமும் இருக்கிறது. குழு சொந்தமாக ஒரு மாவு மில் நடத்துகிறது. மில்லைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

வங்கியிலிருந்து பணம் எடுக்க என்ன செய்ய வேண்டும்? உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். குழு கூட வேண்டும். தீர்மான நோட்டில் தீர்மானம் எழுத வேண்டும். கையெழுத்துப் போட வேண்டும். தீர்மானம் இல்லாமல் வங்கி பணம் தராது. இது நல்ல ஏற்பாடுதான். யாரோ ஒருவர் தன் இஷ்டத்துக்குப் பொதுப் பணத்தை எடுத்துவிட முடியாது.

ஒரு மாதம் கூட்டத்தில் சண்டை வந்துவிடுகிறது. “புது இயந்திரம் வாங்க வேண்டும். அதையும் சேர்த்து எழுதினால்தான் கையெழுத்துப் போடுவோம்” என்கிறது ஒரு பக்கம். “அதை எழுதினால் நாங்கள் போட மாட்டோம்” என்கிறது மறு பக்கம். கூட்டம் கலைகிறது. தீர்மானம் எழுதவில்லை.

மில்லில் வேலை செய்யும் பெண் வந்து தலைவியிடம் கேட்கிறார்:

“அக்கா, என் சம்பளம்?”

“பணம் இருக்கும்மா. தீர்மானம்தான் ஆகலை. நீ மில்லை ஓட்டிக்கிட்டு இரு. ஊருக்கு மாவு வேணுமில்லையா? சண்டை தீர்ந்ததும் சேர்த்துத் தந்துடறோம்.”

“அதுவரைக்கும் நான் எதைச் சாப்பிடறது அக்கா?”

இந்தக் கேள்விக்குத் தலைவியிடம் பதில் இல்லை.

இது நாம் கற்பனை செய்துகொண்ட கதை. ஆனால் உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு ஒன்றில் இது நிஜமாகவே நடக்கிறது. ஒரு தடவை இல்லை, பல தடவை நடந்திருக்கிறது. அந்த நாடு அமெரிக்கா. அங்கே இதற்கு ‘ஷட்டவுன்’ என்று பெயர். நம் பத்திரிகைகள் ‘அரசு முடக்கம்’ என்று எழுதுகின்றன. 2025-ஆம் ஆண்டு இப்படி 43 நாட்கள் நடந்தது. சுமார் 14 லட்சம் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது.

அமெரிக்காவிடம் பணம் இல்லாமல் போய்விட்டதா? இல்லை. வரி வந்துகொண்டுதான் இருந்தது. கஜானாவில் பணம் இருந்தது. அதை எடுப்பதற்கு அனுமதி இல்லை. அவ்வளவுதான்.

அனுமதி தருவது யார்?

அமெரிக்காவின் நாடாளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் நாட்டில் உள்ள காங்கிரஸ் கட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதில் இரண்டு சபைகள். பிரதிநிதிகள் சபையில் 435 பேர். செனட் சபையில் 100 பேர். அரசாங்கத்தின் தலைவர் ஜனாதிபதி. அவரைத் தேர்ந்தெடுப்பதற்குத் தனித் தேர்தல்.

அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. காங்கிரஸ் சட்டம் போட்டு அனுமதித்தால் ஒழிய, கஜானாவிலிருந்து ஒரு காசுகூட எடுக்கக் கூடாது. ஜனாதிபதியே ஆனாலும் எடுக்க முடியாது. மக்கள் தந்த வரிப் பணத்தை மக்களின் பிரதிநிதிகள் சொல்லாமல் தொடக் கூடாது என்பது இதன் பொருள். நம் குழுவின் தீர்மான நோட்டு மாதிரிதான்.

அங்கே அரசாங்கத்தின் கணக்கு ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி தொடங்குகிறது. செப்டம்பர் 30-ஆம் தேதி இரவு முடிகிறது. அதற்குள் அடுத்த ஆண்டுக்கான செலவுச் சட்டங்கள் பன்னிரண்டையும் காங்கிரஸ் நிறைவேற்ற வேண்டும். ஜனாதிபதி கையெழுத்துப் போட வேண்டும். வேலை முடியவில்லை என்றால், கொஞ்ச காலத்துக்கு மட்டும் ‘பழைய அளவிலேயே செலவு செய்துகொள்’ என்று ஒரு தற்காலிகச் சட்டம் போடலாம். அதுவும் போடவில்லை என்றால் அக்டோபர் 1-ஆம் தேதி காலையில் சம்பளம் கொடுக்க அனுமதி இல்லை.

இரண்டு சபைகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனாதிபதியும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனாதிபதி ஒரு கட்சி, ஒரு சபை வேறு கட்சி என்று இருப்பது அங்கே சகஜம். இரண்டு சபைகளும் ஒரே கட்சியிடம் இருந்தாலும்கூடச் சிக்கல் தீராது. செனட் சபையில் விவாதத்தை முடித்து ஓட்டெடுப்புக்குப் போக, பெரும்பாலான சமயங்களில் 100 பேரில் 60 பேர் சம்மதிக்க வேண்டும். ஆகவே சிறிய பக்கமும் வழியை மறிக்க முடியும்.

ஒரு பழைய சட்டமும் ஒரு புதிய விளக்கமும்

1884-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் சில அரசுத் துறைகள் ஆண்டுக்கான பணத்தைச் சில மாதங்களிலேயே செலவழித்துவிடும். பிறகு “இன்னும் கொடு” என்று வந்து நிற்கும். ஆட்களிடம் ‘இலவச வேலை’ என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். பின்னால் அந்த ஆட்கள் கூலி கேட்டு வருவார்கள். இதை நிறுத்தத்தான் சட்டம் வந்தது. அனுமதி இல்லாமல் செலவு செய்யக் கூடாது, இலவசமாகவும் யாரிடமும் வேலை வாங்கக் கூடாது என்றது. மனித உயிருக்கும் சொத்துக்கும் ஆபத்து வரும் அவசர வேலைகளுக்கு மட்டும் விலக்கு. வேண்டுமென்றே மீறும் அதிகாரிக்கு 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

ஆனாலும் சுமார் நூறு ஆண்டுகள் யாரும் இதைக் காட்டி அலுவலகத்தைப் பூட்டவில்லை. செலவுச் சட்டம் தாமதமானால், “எப்படியும் காங்கிரஸ் பணம் தந்துவிடும்” என்று வேலை நடந்துகொண்டே இருந்தது. 1980-இல் இது மாறியது. அப்போது ஜிம்மி கார்ட்டர் ஜனாதிபதி. அரசின் தலைமை வழக்கறிஞர் பெஞ்சமின் சிவிலெட்டி சட்டத்தைப் படித்துப் பார்த்து ஒரு விளக்கம் தந்தார். அனுமதி இல்லாத நாளில் அலுவலகத்தை நடத்துவது சட்டப்படி குற்றம், மூடத்தான் வேண்டும் என்றார். அந்த ஆண்டு மே 1-ஆம் தேதி, வணிகத்தைக் கண்காணிக்கும் ஒரு அரசு ஆணையம் ஒரு நாள் மூடப்பட்டது. அதுதான் ஆரம்பம். உழைப்பாளர் தினத்தில் நடந்தது தற்செயல்தான்.

1981-இல் ரொனால்ட் ரீகன் காலத்தில் சுமார் 2,40,000 ஊழியர்களை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1995 டிசம்பர் 16 முதல் 1996 ஜனவரி 6 வரை 21 நாட்கள். அப்போது பில் கிளின்டன் ஜனாதிபதி. 2013-இல் பராக் ஒபாமா காலத்தில் 16 நாட்கள். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை டொனால்ட் டிரம்ப் காலத்தில் 35 நாட்கள். பிறகு 2025-இல் அவர் காலத்திலேயே 43 நாட்கள். ஒவ்வொரு தடவையும் சண்டைக்குக் காரணம் வேறு. ஒரு தடவை மருத்துவக் காப்பீடு, ஒரு தடவை எல்லைச் சுவர். காரணம் எதுவானாலும் சம்பளம் நின்றது அதே ஊழியர்களுக்குத்தான்.

வா என்றும் சொன்னார்கள், வராதே என்றும் சொன்னார்கள்

முடக்கம் தொடங்கியதும் ஊழியர்களை இரண்டாகப் பிரிப்பார்கள்.

ஒரு பகுதியினருக்கு “வேலைக்கு வராதே” என்று உத்தரவு. அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. வேலை கெட்டுப்போகிறதே என்று தாமாக வந்து இலவசமாகச் செய்யவும் கூடாது. அலுவலகத்துக் கடிதத்தைத் திறந்து பார்க்கவும் கூடாது. 1884-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது அல்லவா?

இன்னொரு பகுதியினருக்கு “வேலைக்கு வா, சம்பளம் பின்னால்” என்று உத்தரவு. விமான நிலையத்தில் சோதனை செய்கிறவர்கள், வானத்தில் போகும் விமானங்களுக்கு வழி சொல்கிறவர்கள், எல்லைக் காவலர்கள், சிறைக் காவலர்கள் போன்றவர்கள் இதில் வருவார்கள். இவர்கள் வராவிட்டால் உயிருக்கு ஆபத்து. ஆகவே வந்தே ஆக வேண்டும். 2018-19 முடக்கத்தில் மொத்தம் சுமார் 8 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 3,80,000 பேர் வீட்டில் இருந்தார்கள். ஏறத்தாழ 4,20,000 பேர் சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போனார்கள்.

“வேலை நிறுத்தம் செய்யலாமே?” என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. அங்கே மத்திய அரசு ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்வது சட்ட விரோதம். 1981-இல் விமானங்களுக்கு வழி சொல்லும் ஊழியர்கள் வேறொரு கோரிக்கைக்காக வேலை நிறுத்தம் செய்தார்கள். ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக வேலையிலிருந்து நீக்கினார். அந்த நினைவு இன்னும் மறையவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வேலை இழந்தவர்களுக்கு அமெரிக்காவில் உதவித்தொகை கொடுப்பார்கள். 2019-இல் வீட்டில் இருந்த ஊழியர்கள் அதற்கு விண்ணப்பிக்க முடிந்தது. நின்ற சம்பளம் கைக்கு வந்ததும் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆனால் சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போனவர்களுக்கு அந்த உதவியும் இல்லை. ஏன்? அவர்களுக்குத்தான் வேலை இருக்கிறதே!

எல்லா ஊழியர்களுக்கும் சம்பளம் நிற்பதில்லை. தபால்காரர்களுக்கு நிற்காது. தபால் துறை, தபால்தலை விற்ற பணத்திலும் பார்சல் பணத்திலும் நடக்கிறது. முதியோர் ஓய்வூதியம் நிற்காது. அதற்கு ஆண்டுதோறும் அனுமதி கேட்க வேண்டாம், நிரந்தரச் சட்டம் இருக்கிறது.

வேறு யாருக்குச் சம்பளம் நிற்காது தெரியுமா? காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு. அவர்கள் சம்பளத்துக்கும் நிரந்தரச் சட்டம் இருக்கிறது. சாதாரண உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,74,000 டாலர். ஜனாதிபதிக்கும் சம்பளம் நிற்காது. முடக்கம் நடக்கும்போது சில உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை வேண்டாம் என்று சொல்வதுண்டு, தானமாகக் கொடுப்பதும் உண்டு. அது அவரவர் விருப்பம். கையெழுத்துப் போடாமல் சண்டை போட்டவர்களின் வீட்டில் அடுப்பு எரிகிறது, மில்லை ஓட்டியவர் வீட்டில் எரியவில்லை என்றால், நம் குழுவில் இருபது பேரும் சும்மா இருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

35 நாட்கள்

2018 டிசம்பரில் சண்டை ஒரு சுவரைப் பற்றியது. மெக்சிகோ நாட்டு எல்லையில் சுவர் கட்ட 570 கோடி டாலர் வேண்டும் என்றார் டிரம்ப். அதைத் தர எதிர்க்கட்சி மறுத்தது. சுவர் இல்லாத செலவுச் சட்டத்தில் அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் முடக்கம் தொடங்கியது.

அங்கே அரசு ஊழியர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சம்பளம். 2019 ஜனவரி 11-ஆம் தேதி வர வேண்டிய சம்பளம் வரவில்லை. சம்பளச் சீட்டு மட்டும் வந்தது. அதில் சம்பளம் பூஜ்யம் என்று அச்சிட்டிருந்தது. பலர் அந்தச் சீட்டைப் படம் எடுத்து எல்லோரும் பார்க்கப் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அடுத்த சம்பளமும் வரவில்லை. கடலோரக் காவல் படையினர் சுமார் 40,000 பேருக்கும் வரவில்லை. மற்ற படைகளுக்கான செலவுச் சட்டம் முன்பே நிறைவேறிவிட்டது. கடலோரப் படை வேறு துறையின் கீழ் வருவதால் அது மட்டும் மாட்டிக்கொண்டது.

அமெரிக்காவில் அரசு வேலை செய்பவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் என்று நினைக்க வேண்டாம். விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கும் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. வாடகை வீடு. கார் தவணை. காரில்லாமல் அங்கே பல ஊர்களில் வேலைக்குப் போகவே முடியாது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு வாரா வாரம் பணம் கட்ட வேண்டும். சம்பளம் வரவில்லை. ஆனால் பெட்ரோல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். அதாவது, வேலைக்குப் போவதற்குக் கைக்காசு செலவாகிறது.

அரசு ஊழியர்கள் இலவச உணவு வாங்க வரிசையில் நின்றார்கள். தலைநகர் வாஷிங்டனில் ஹோசே ஆண்ட்ரெஸ் என்ற பிரபல சமையல்காரர், ஜனாதிபதி மாளிகைக்கும் காங்கிரஸ் கட்டடத்துக்கும் நடுவில் உள்ள தெருவில் இலவசச் சமையல்கூடம் திறந்தார். டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்று ஒரு நகரம். அங்கே குடியேறி வாழும் சீக்கியர்கள் தங்கள் குருத்வாராவில் அரசு ஊழியர்களுக்குச் சமைத்துப் பரிமாறினார்கள். நம் பஞ்சாபில் குருத்வாராவுக்குப் போனவர்களுக்கு அந்த லங்கர் சாப்பாடு தெரியும்.

அப்போது வணிகத் துறை அமைச்சராக இருந்த வில்பர் ராஸ் தொலைக்காட்சியில் பேசினார். ஊழியர்கள் ஏன் இலவச உணவு வாங்கப் போகிறார்கள் என்று தனக்குப் புரியவில்லை, பின்னால் சம்பளம் வரத்தானே போகிறது, கடன் வாங்கலாமே என்ற பொருளில் சொன்னார். அவர் பெரும் பணக்காரர்.

கடன் வாங்கினால் என்ன ஆகும்? நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறார். மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி. ஒரு மாதத்துக்கு வட்டி 300 ரூபாய். ஒன்றரை மாதத்துக்கு 450 ரூபாய். சண்டை தீர்ந்ததும் அவருக்குச் சம்பள பாக்கி முழுதாக வருகிறது. 450 ரூபாய் வட்டியை யார் தருவார்கள்? யாரும் தர மாட்டார்கள். வாடகை தாமதமானதற்கு அபராதம் கட்டியிருந்தால் அதையும் யாரும் தர மாட்டார்கள். தாமதமாக வந்த சம்பளம் குறைந்துபோன சம்பளம்தான். இப்படித் தாமதமாகக் கொடுத்ததற்கு நஷ்டஈடு வேண்டும் என்று அமெரிக்க ஊழியர்கள் வழக்கும் போட்டார்கள். சம்பளம் கொடுப்பதைச் சட்டமே தடுத்திருந்தது, ஆகவே அரசின்மீது தவறு இல்லை என்று 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நாட்கள் போகப் போக, விமான நிலையச் சோதனை ஊழியர்களில் பலர் வேலைக்கு வரவில்லை. சிலருக்குப் பெட்ரோலுக்குக் காசு இல்லை. ஜனவரி 20-ஆம் தேதி நூற்றுக்குப் பத்துப் பேர் வரவில்லை. முந்திய ஆண்டு அதே சமயத்தில் வராதவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். ஜனவரி 25-ஆம் தேதி விமானங்களுக்கு வழி சொல்லும் இரண்டு மையங்களில் ஒரு பத்துப் பேர் அளவுக்கு வரவில்லை. நியூயார்க் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். வேறு சில நகரங்களிலும் விமானங்கள் தாமதமாயின. அன்று மாலையே டிரம்ப் தற்காலிகச் செலவுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் சுவருக்குப் பணம் இல்லை. 8 லட்சம் பேர் 35 நாள் பட்டினியைச் சொன்னபோது அசையாத தலைநகரம், விமானம் நின்றதும் அசைந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த முடக்கத்தால் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு 1,100 கோடி டாலர் நஷ்டம் என்று காங்கிரஸின் கணக்கு அலுவலகம் மதிப்பிட்டது. அதில் 300 கோடி டாலர் திரும்பி வராத நஷ்டம்.

பாக்கி கிடைக்குமா?

முன்பெல்லாம் ஒவ்வொரு முடக்கம் முடிந்ததும், நின்ற சம்பளத்தைக் கொடுக்கக் காங்கிரஸ் தனியாக ஒரு சட்டம் போடும். போட்டால்தான் உண்டு. வீட்டில் இருந்தவர்களுக்குக் கிடைக்குமா கிடைக்காதா என்று கடைசிவரை தெரியாது. 2019 ஜனவரி 16-ஆம் தேதி, முடக்கத்தின் நடுவிலேயே, ஒரு நிரந்தரச் சட்டம் வந்தது. இனி எந்த முடக்கம் வந்தாலும், வேலைக்கு வந்தவர்களுக்கும் வீட்டில் இருந்தவர்களுக்கும், முடிந்த பிறகு சீக்கிரமாகப் பாக்கி கொடுக்க வேண்டும் என்றது அது.

அதோடு தீர்ந்தது என்றுதான் ஊழியர்கள் நினைத்தார்கள். 2025 அக்டோபர் 1-ஆம் தேதி மறுபடி முடக்கம். இந்தத் தடவை சண்டை மருத்துவக் காப்பீட்டுக்கு அரசு தரும் உதவியைப் பற்றியது. முடக்கம் தொடங்கிச் சில நாட்களில் ஒரு செய்தி வெளியானது. 2019 சட்டப்படி பாக்கி தானாகக் கிடைத்துவிடாது, காங்கிரஸ் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று ஜனாதிபதி மாளிகையின் செலவுத் துறை வாதம் எழுதி வைத்திருக்கிறது என்பதே அந்தச் செய்தி. சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போகிறவருக்கு இதைக் கேட்டால் எப்படி இருக்கும்?

ராணுவத்தினர் சுமார் 13 லட்சம் பேருக்கு அக்டோபர் 15-ஆம் தேதி சம்பளம் கொடுத்துவிட்டார்கள். ராணுவ ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்துக் கொடுத்தார்கள். மற்ற அரசு ஊழியர்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படிக் கொடுக்கவில்லை. நவம்பரில், ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் உதவியும் தடைப்பட்டது. அதை நம்பி இருப்பவர்கள் சுமார் 4 கோடியே 20 லட்சம் பேர். நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்தார்கள். நவம்பர் 12-ஆம் தேதி இரவு செலவுச் சட்டத்தில் கையெழுத்து ஆனது. எல்லா ஊழியர்களுக்கும் பாக்கி உண்டு என்று அந்தச் சட்டத்திலேயே தெளிவாக எழுதினார்கள்.

‘எல்லா ஊழியர்களுக்கும்’ என்று எழுதினேன். அது சரியில்லை. அரசு அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவர்கள், அங்கே சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்பவர்கள், வாசல் காவலர்கள் போன்றோரில் பலர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அலுவலகம் மூடினால் அவர்களுக்கும் வேலை இல்லை, கூலி இல்லை. 2019 சட்டம் அவர்களைச் சேர்க்கவில்லை. அவர்களுக்கும் பாக்கி கொடுக்கலாம் என்று காங்கிரஸில் யோசனை வந்தது. சட்டமாகவில்லை. அதிகாரிக்கு வீட்டில் இருந்த நாளுக்கும் சம்பளம் வரும். அவர் மேஜையைத் துடைத்தவருக்கு வராது. இதைப் புரிந்துகொள்ள நாம் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

நம் நாட்டில் ஏன் இப்படி இல்லை?

நம் நாட்டிலும் சம்பளம் தாமதம் ஆவதுண்டு. நகராட்சியில், போக்குவரத்துக் கழகத்தில், ஒப்பந்த வேலையில் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் தவித்தவர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். அங்கெல்லாம் காரணம் பெரும்பாலும் பணத் தட்டுப்பாடு, அல்லது மேலிருந்து பணம் வராதது, அல்லது ஒப்பந்தக்காரர். நாடாளுமன்றம் அனுமதி தராததால் மத்திய அரசு முழுவதும் முடங்கியது என்பது நம் நாட்டில் நடந்ததில்லை.

விதி என்னவோ ஒன்றுதான். நம் அரசியல் சட்டத்தின் 266-ஆவது பிரிவும், சட்டப்படி அல்லாமல் நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்கக் கூடாது என்றே சொல்கிறது. மத்திய அரசின் கணக்கு ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. அதற்குள் முழு வரவு செலவுத் திட்டம் நிறைவேறவில்லை என்றால், சில மாதச் செலவுக்கு மட்டும் முன்கூட்டியே அனுமதி தரலாம் என்று 116-ஆவது பிரிவிலேயே வழி வைத்திருக்கிறார்கள். 2024-இல் தேர்தல் வந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி இடைக்காலத் திட்டம் வந்தது. முழுத் திட்டம் ஜூலை 23-ஆம் தேதிதான் வந்தது. இடையில் உள்ள மாதங்களுக்கு அந்த முன் அனுமதி போதுமானதாக இருந்தது.

பெரிய வித்தியாசம் வேறு ஒன்று. நம் நாட்டில் மக்களவையில் பெரும்பான்மை உள்ளவர்தான் பிரதமர். செலவுக்கு மக்களவை அனுமதி தராது என்றால் அந்த அரசே போய்விடும், வேறு அரசு வரும் அல்லது தேர்தல் வரும். மாநிலங்களவை பண மசோதாவை 14 நாட்களுக்கு மேல் நிறுத்தி வைக்க முடியாது. அமெரிக்காவில் சண்டை போடும் மூன்று தரப்பும் நாற்காலியில் அப்படியே இருக்கும். யாருக்கும் பதவி போகாது. அதனால்தான் 35 நாள், 43 நாள் என்று இழுக்க முடிகிறது.

1999-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் தேதி வாஜ்பாய் அரசு மக்களவையில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தோற்றது. தமிழ்நாட்டில் அன்று வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், கூட்டணியிலிருந்து விலகியது தமிழ்நாட்டுக் கட்சி. அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அப்போது நிறைவேறியிருக்கவில்லை. கட்சிகளுக்குள் அவ்வளவு பகை. அடுத்த அரசு யார் அமைப்பது என்று இழுபறி. ஆனாலும் அதே மக்களவை மறுபடி கூடியது. விவாதமே இல்லாமல் திட்டத்தை நிறைவேற்றிக் கொடுத்தது. அதன் பிறகுதான் சபையைக் கலைத்தார்கள். அடுத்த ஆறு மாதம் நாட்டில் தேர்தல் பேச்சுத்தான். ரயில்வே ஊழியருக்கும், தபால்காரருக்கும், எல்லையில் நின்ற சிப்பாய்க்கும் சம்பளம் அந்தந்த மாதம் வந்தது.